வேப்பனப்பள்ளி வட்டாரத்தில் கல்லெடுப்பும் கிராம வாழ்வும்: தங்கவயல் முதல் ஜல்லி ஆலை வரை

வேப்பனப்பள்ளி, கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வடக்கு விளிம்பில் கர்நாடகத்தையும் ஆந்திரத்தையும் ஒட்டி அமைந்துள்ளது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் இவ்வட்டாரத்தின் வாழ்வாதாரம் ராகி, மா, மல்பெரி, கால்நடை ஆகியவை. கிரானைட் பாளங்களும் ஜல்லியும் இங்கிருந்து வெளியூர்களுக்குச் செல்கின்றன. கல்லெடுப்புத் தொழில் இங்கு வளர்ந்த வரலாற்றையும், அது நீர், நிலம், உழைப்பு ஆகியவற்றில் ஏற்படுத்திய மாற்றங்களையும், அவற்றைச் சட்டம் எதிர்கொண்ட முறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது. கல்லை யார் எடுக்கலாம் என்பதை முறைப்படுத்திய அளவுக்கு, எடுத்த பின் எஞ்சும் நிலத்துக்கு யார் பொறுப்பு என்பதைச் சட்டம் நெடுங்காலம் வரையறுக்கவில்லை என்பதே இதன் கருத்து.

பாறையின் அமைப்பு

கோலார் தங்கவயல் அமைந்துள்ள பாறைப்பட்டை வடக்குத் தெற்காகச் சுமார் 80 கிலோமீட்டர் நீள்வது. அதன் தென்பகுதி ஆந்திரத்தின் குப்பம் பகுதியைக் கடந்து மகாராஜகடை, வேப்பனப்பள்ளிப் பக்கம் வருகிறது. இப்பட்டையைச் சூழ்ந்திருப்பது நைஸ் எனப்படும் வரிப்பாறை. அதன் வெடிப்புகளில் எரிமலைக் குழம்பு ஏறி இறுகிய டோலரைட் சுவர்களைத்தான் வணிகர்கள் கறுப்பு கிரானைட் என்கின்றனர். வரியும் நிறமும் கலந்த பாறை ‘பாரடிசோ’ என்ற பெயரில் ஏற்றுமதியாகிறது.

இம்மாவட்டத்தில் கனிமத்தைப் பயன்படுத்தும் பழக்கம் மிகப் பழமையானது. பர்கூர் அருகே மயிலாடும்பாறையில் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் இரும்புப் பயன்பாட்டின் காலம் கி.மு. 2172 எனக் கணிக்கப்பட்டது. 2022இல் இம்முடிவு சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டது. பாறை ஓவியங்களும் கற்திட்டைகளும் நடுகற்களும் இங்குள்ள குன்றுகளில் மிகுதி. இதனால் ஒரு குன்றைக் குத்தகைக்கு விடும்போது கல்லுடன் தொல்லியல் சான்றும் அழியும் வாய்ப்பு இருக்கிறது.

கோலார் தங்கவயல்

பெருமளவுச் சுரங்கத் தொழில் இவ்வட்டாரத்தின் அண்டையில் 1880இல் தொடங்கியது. அவ்வாண்டு ஜான் டெய்லர் நிறுவனம் கோலாரில் தங்கம் தோண்டும் பணியை மேற்கொண்டது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியது. ஆழத்தில் உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர்கள். அவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் மிகுதி. பஞ்சமும் நிலமின்மையும் அவர்களை அங்கே அனுப்பின.

சுரங்கம் 1956இல் மைசூர் அரசிடமும் 1962இல் மத்திய அரசிடமும் வந்து, 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையிழந்தன. தங்கம் பிரித்த பின் கொட்டப்பட்ட சயனைடு மண்மேடுகள் ஊரைச் சுற்றி இன்றும் நிற்கின்றன. கோடையில் அவற்றின் தூசு வீடுகளில் படிகிறது. மழையில் கரைந்து ஏரிகளில் சேர்கிறது. நூற்றிருபது ஆண்டுகள் நடந்த தொழில், மூடிய பின் செய்ய வேண்டிய பணிகளுக்கு நிதியும் திட்டமும் வைக்காமல் போனதன் விளைவு இது. எல்லைக்கு இப்பால் கிரானைட் தொழில் வளர்ந்தபோதும் இந்த அனுபவம் கணக்கில் கொள்ளப்படவில்லை.

கிரானைட் குத்தகை: 1977 முதல் 1994 வரை

1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம் கட்டடக் கல் போன்ற சிறு கனிமங்களுக்கு விதி வகுக்கும் உரிமையை மாநிலங்களுக்கு அளித்தது. அதன்படி தமிழ்நாடு சிறுகனிம சலுகை விதிகள் 1959இல் வந்தன. அக்காலத்தில் கல்லெடுப்பு என்பது கல்தச்சரும் ஒட்டரும் உளியும் சம்மட்டியும் கொண்டு செய்த கைத்தொழில். அம்மிக்கும் கட்டடத்துக்கும் வேலிக்கால்களுக்கும் கல் எடுக்கப்பட்டது.

கறுப்பு கிரானைட்டுக்கு ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் சந்தை உருவானபின் நிலைமை மாறியது. 1977 டிசம்பரில் அரசு 8-சி விதியைச் சேர்த்து, கறுப்பு கிரானைட் எடுக்கத் தனியாருக்குக் குத்தகை தருவதை நிறுத்தியது. அரசோ அதற்கு முழுதும் சொந்தமான கழகமோ மட்டுமே எடுக்கலாம் என்றானது. தமிழ்நாடு கனிம நிறுவனமான டாமின் உருவானதும் இக்காலத்தில்தான். குத்தகையாளர்கள் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் விதியைச் செல்லாதென்றது. 1981இல் ஹிந்த் ஸ்டோன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, கனிமத்தைப் பாதுகாப்பது பொதுநலன் சார்ந்தது என்று கூறி விதியை நிலைநிறுத்தியது.

எனினும் தனியார் வழி முழுதும் அடைபடவில்லை. பொதுநலனையும் கனிம வளர்ச்சியையும் காரணம் காட்டி அரசு தனிப்பட குத்தகை வழங்க 39ஆம் விதி இடமளித்தது. 1994இல் பிரீமியம் கிரானைட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதையும் ஏற்றது. இவ்விரு வழக்குகளிலும் வாதம் குத்தகை உரிமையைச் சுற்றியே நடந்தது. குன்றின் அடிவாரத்தில் ஆடு மேய்த்தவர்களும் கீழே ஏரிப் பாசனம் பெற்றவர்களும் அவற்றில் ஒரு தரப்பாக இருக்கவில்லை.

குவாரி நடக்கும் விதம்

கிரானைட் குவாரியில் முதலில் மேல்மண்ணும் சிதைந்த பாறையும் அகற்றப்படுகின்றன. பின்னர் ஜாக்ஹாமரால் வரிசையாகத் துளையிட்டு, வைரம் பதித்த கம்பி ரம்பத்தால் பாறையை அறுத்துப் பாளமாகச் சாய்க்கின்றனர். விரிசலோ நிறமாற்றமோ உள்ள பாளத்துக்கு ஏற்றுமதிச் சந்தையில் இடமில்லை. ஆகவே தோண்டப்படும் பாறையில் பெரும்பகுதி கழிவாகிறது. அது குத்தகைப் பரப்பின் ஓரத்திலோ அருகிலுள்ள புறம்போக்கிலோ குவிக்கப்படுகிறது. பாளத்துக்கு அளவும் எண்ணும் நடைச்சீட்டும் உண்டு. கழிவுமேட்டுக்கு அப்படிப்பட்ட கறாரான கணக்கு இருப்பதில்லை.

நீர், நிலம், பயிர்

கடினப் பாறை நிலத்தில் நிலத்தடி நீர் சிதைந்த மேலடுக்கிலும் பாறை வெடிப்புகளிலும் மட்டுமே தங்கும். டோலரைட் சுவர் பல இடங்களில் நீரைத் தடுத்து ஒரு பக்கம் தேக்கும் இயற்கை அணையாகச் செயல்படுகிறது. அதைத் தோண்டி எடுத்தால் நீரின் போக்கு மாறும். பள்ளம் கிணறுகளின் நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கினால் ஊற்றுநீர் பள்ளத்தில் வடியும். வேலை தடையின்றி நடக்க அதை இறைத்து வெளியேற்றுவார்கள். சுற்றுக் கிணறுகளில் மட்டம் இறங்கும்.

மேற்பரப்பில் நடப்பது கண்ணுக்குத் தெரியும் சேதம். குன்றின் சரிவில் பெய்யும் மழை சிறு ஓடைகளாகக் குட்டைகளுக்கும் ஏரிக்கும் வர வேண்டும். கழிவுக் கல் ஓடையின் குறுக்கே சரிந்தால் நீர்வரத்துக் கால்வாய் தூர்ந்து, கல்மாவு ஏரியின் அடியில் படிந்து, நல்ல மழையிலும் ஏரி நிரம்பாது. இதில் காரணங்களைப் பிரித்துப் பார்ப்பதும் அவசியம். இவ்வட்டாரத்தின் மார்க்கண்டேய நதி கர்நாடகத்திலிருந்து வருகிறது. யார்கோளில் கர்நாடகம் அதன் குறுக்கே அணை கட்டியதை எதிர்த்த தமிழ்நாட்டின் மனுவை உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் தள்ளுபடி செய்தது. ஆழ்துளைக் கிணறுகளும் பெருகிவிட்டன. நீர்க்குறைவு முழுவதையும் குவாரியின் மேல் ஏற்ற முடியாது. ஆனால் மேலிருந்து வரும் நீர் குறையும் நிலத்தில் உள்ளூர் ஏரியின் வரத்தை அடைப்பது இரட்டைச் சேதம்.

தூசு பயிரை நேரடியாகத் தாக்குகிறது. மா பூக்கும் தை, மாசி மாதங்கள் மழையற்றவை. ஜல்லி ஆலையும் லாரியும் கிளப்பும் வெண்தூசு பூங்கொத்தில் படிந்து கழுவப்படாமல் கிடக்கிறது, காய்ப்பிடிப்பு குறைகிறது. மல்பெரியில் இழப்பு இன்னும் விரைவானது. பட்டுப்புழு இலையில் படியும் தூசைத் தாங்காது. சாலையோரத் தோட்டத்து இலையைக் கழுவி உலர்த்திப் போடுவதற்குக் கூடுதல் ஆள் வேண்டும். இந்த வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் தலையில் விழுகிறது.

குவாரியின் பாதிப்பு வனத்தையும் தொடுகிறது. 1980களில் ஓசூர்ப் பக்கத்துக் காடுகளிலிருந்து யானைகள் ஆந்திரத்தின் கவுண்டின்யா காட்டுக்குச் சென்று குடியேறின. அவற்றின் நடமாட்டம் வேப்பனப்பள்ளி, மகாராஜகடை காப்புக்காடுகள் வழியே தொடர்கிறது. குவாரியின் வெடியும் விளக்கும் வழியை மறிக்கும்போது யானைகள் ராகிக் கொல்லைகளில் இறங்குகின்றன.

தொழிலாளர்

துளையிடும்போதும் கல் உடைக்கும்போதும் எழும் நுண்தூசில் சிலிக்கா உள்ளது. அது நுரையீரலில் தழும்பாகி ஆற்ற முடியாத சிலிக்கோசிஸ் நோயைத் தருகிறது. கோலாரில் 1940களில் நடந்த மருத்துவ ஆய்வில், பரிசோதிக்கப்பட்டவர்களில் பத்தில் நால்வருக்கு மேல் இந்நோய் இருந்தது. எனவே ஆபத்து புதியதன்று. சிறு குவாரிகளில் ஆட்கள் ஒப்பந்தத்தில் மாறிக்கொண்டே இருப்பதால் மருத்துவப் பதிவு தொடர்வதில்லை. நோய் தெரியவரும்போது பலருக்குக் காசநோய் என்றே சிகிச்சை தொடங்குகிறது.

முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிவைக்கும் வழக்கம் 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தால் குற்றமானது. 1983இல் பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் கல்குவாரித் தொழிலாளரின் நிலையையே நேரடியாக எடுத்துக்கொண்டது.

ஜல்லியும் எல்லையும்

மாநில அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான சிப்காட் 1971இல் தொடங்கப்பட்டு ஓசூரில் தொழிற்பேட்டை வளர்ந்தது. 1990களுக்குப் பின் பெங்களூரு பெருத்தது. கட்டடங்களுக்கு ஜல்லியின் தேவை கூடியது. ஆற்றுமணல் அருகியதும் பாறையை நொறுக்கிச் செய்யும் எம்-சாண்ட் அதன் இடத்தைப் பிடித்தது. கிரானைட் குவாரி தேர்ந்த பாளத்தைத் தேடியது. ஜல்லிக் குவாரிக்கோ எந்தப் பாறையும் போதும். அதனால் தொழில் பரவிய வேகம் கூடியது. மாநில எல்லை அருகில் இருப்பதால் ஒரு மாநிலத்தில் எடுத்த கல் அனுமதியின்றி மறு மாநிலத்துக்குச் செல்வது எளிதாயிற்று. சட்டவிரோதமாகக் கனிமம் எடுப்பதையும் கடத்துவதையும் பதுக்குவதையும் தடுக்கத் தமிழ்நாடு 2011இல் தனி விதிகள் கொண்டுவந்தது.

2012க்குப் பின்

2012 இரு வகையில் திருப்புமுனை. பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்றது. அதுவரை பரப்பைச் சிறிதாக்கிக் காட்டினால் மதிப்பீட்டிலிருந்து தப்ப முடிந்தது. அதே ஆண்டு மதுரை ஆட்சியராக இருந்த உ.சகாயம் கிரானைட் முறைகேடு குறித்து அளித்த அறிக்கை வெளியானது. 2014இல் உயர் நீதிமன்றம் அவரைச் சட்ட ஆணையராக நியமித்தது. 2015இல் அவர் அறிக்கை அளித்தார். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் 2016ஆம் ஆண்டுத் திருத்தங்கள் அருகருகே உள்ள குவாரிகளை ஒரே தொகுதியாகக் கருதி மதிப்பிட வழி செய்தன.

குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் குவாரி கூடாது என்பது மாநில விதி. 2021 நவம்பரில் காப்புக்காடு, சரணாலயம் ஆகியவற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குவாரிக்குத் தடை வந்தது. 2022 டிசம்பரில் காப்புக்காடுகள் அத்தடையிலிருந்து விலக்கப்பட்டன. காப்புக்காட்டை ஒட்டிய வேப்பனப்பள்ளிக் கிராமங்களுக்கு இந்தப் பின்வாங்கல் பெரிய இழப்பு.

நிதியிலும் மாற்றம் நிகழ்ந்தது. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் மாவட்டக் கனிம அறக்கட்டளையை ஏற்படுத்தி, பாதிக்கப்பட்ட ஊர்களின் குடிநீர், மருத்துவம், கல்வி, சுற்றுச்சூழலுக்குப் பணம் ஒதுக்க வழி வகுத்தது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு கனிம நிலங்களுக்கு வரி விதிக்கும் மாநில உரிமையை உறுதி செய்தது. அதையொட்டித் தமிழ்நாடு கொண்டுவந்த நிலவரி 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

ஆய்வு முடிவு

1959 முதல் 1994 வரை சட்டத்தின் அக்கறை உரிமையிலும் வருவாயிலும் நின்றது. 2012க்குப் பின்னரே சுற்றுச்சூழல் மதிப்பீடு சிறு குவாரிக்கு வந்தது. பாதிக்கப்பட்ட ஊருக்கு நிதி 2015க்குப் பின் வந்தது. கைவிடப்பட்ட பள்ளங்களுக்கு வேலி, கழிவுமேடுகளை அகற்றுதல், தூர்ந்த வரத்துக் கால்வாய்களை மீட்டல், தொழிலாளருக்குத் தொடர் மருத்துவப் பதிவு ஆகிய நான்கும் அந்த நிதியின் முதற்செலவாக வேண்டும். குத்தகை வழங்கும் முன் ஏரி, கிணறு, ஓடை, தொல்லிடம் ஆகியவற்றை ஊராட்சி வாரியாகப் பதிவு செய்து கிராம சபையில் வைத்தால், பின்னர் நேரும் இழப்பை அளக்க அடிப்படை கிடைக்கும். கோலாரில் சுரங்கம் மூடிய பிறகு தெரிந்த செலவை, இங்கு கல் எஞ்சியிருக்கும்போதே குத்தகையாளரிடம் வசூலிக்க முடியும்.