ஓம் வாத்தியாரும் 9 வோல்ட் பேட்டரியும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

உங்களில் பலருடைய பிள்ளைகள் இப்போது ஆர்டுயினோ, பிரெட்போர்டு என்று வைத்துக்கொண்டு ஏதாவது செய்துகொண்டே இருக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் "ஓடவில்லை சார்" என்று நீங்கள் அனுப்பும் வீடியோக்களில் ஒரே கோளாறுதான் திரும்பத் திரும்ப வருகிறது. எல்.இ.டி. மட்டும் இருக்கும்வரை ஒழுங்காக விட்டுவிட்டு எரிகிறது. சின்ன சர்வோ மோட்டாரை மாட்டியதும் எல்லாம் குழம்பிவிடுகிறது. மோட்டார் ஒரு துடிப்புத் துடிக்கிறது. உடனே போர்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. பிள்ளை புரோகிராமை மாற்றி மாற்றி எழுதுகிறது. மூன்றாம் நாள் "எனக்கு இதெல்லாம் வராது" என்று பெட்டியை மூடி வைத்துவிடுகிறது.

இந்தக் கோளாறின் வேருக்கு ஏறத்தாழ 200 வயது. அதில் மாட்டிக்கொண்டு மீண்டவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவர் கதையைச் சொல்கிறேன்.

ஜெர்மனியில் எர்லாங்கன் என்ற ஊரில் 1789இல் பிறந்தவர் கியோர்க் சைமன் ஓம். அப்பா பூட்டு செய்யும் தொழிலாளி. தானாகவே கணக்குப் படித்து, பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தவர். ஓம் 1817இல் கொலோன் நகரத்துப் பள்ளியில் கணக்கும் இயற்பியலும் கற்பிக்கும் ஆசிரியராகச் சேர்ந்தார். பாடம் நடத்திய நேரம் போக, பள்ளியின் சோதனைக்கூடத்தில் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார்: கம்பியின் நீளம் கூடக் கூட அதில் ஓடும் மின்சாரம் எந்த அளவில் குறைகிறது?

அப்போது மின்சாரம் வேண்டுமென்றால் வோல்டா கண்டுபிடித்த மின்கலம்தான் வழி. அதில் ஒரு வம்பு இருந்தது. சுற்றை இணைத்தவுடன் வேகமாக இருக்கும். போகப் போகத் தளர்ந்துவிடும். தகட்டின் மேல் ஹைட்ரஜன் குமிழ்கள் படிவது அதற்கு ஒரு காரணம். நீண்ட நேரம் சீராக நிற்கும் டேனியல் மின்கலம் 1836இல்தான் வந்தது. ஓம் கம்பியை மாற்றி மாற்றி அளந்துகொண்டிருந்தபோது, அளக்கப் பயன்பட்ட மின்கலமே மாறிக்கொண்டிருந்தது. 1825இல் அவர் வெளியிட்ட முதல் சூத்திரம் மடக்கை வடிவில் இருந்தது. அது தவறு.

போகெண்டார்ஃப் என்பவர் அப்போது ஒரு புகழ்பெற்ற இயற்பியல் இதழின் ஆசிரியர். அவர் ஓமை எள்ளி நகையாடவில்லை. தானே சோதனையைச் செய்துகாட்டவும் இல்லை. மின்கலத்தை விட்டுவிட்டு வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்திப் பாருங்கள் என்று ஒரே ஒரு யோசனை சொன்னார். 1821இல் சீபெக் கண்டறிந்தது அது. இரண்டு உலோகங்களை இணைத்து, ஒரு முனையைச் சூடாகவும் மற்றொன்றைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் மின்சாரம் ஓடும். ஓம் பிஸ்மத், செம்பு இரண்டையும் இணைத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்தார். நீர் கொதிக்கும் வெப்பநிலையும் பனி உருகும் வெப்பநிலையும் மாறுவதில்லை. மின்சாரமும் சீராக நின்றது. ஒரே தடிமனும் வேறுவேறு நீளமும் கொண்ட 8 செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக மாட்டி அளந்தார். 1826இல் சரியான விதி கிடைத்தது.

அந்த விதியை அவர் எழுதிய வடிவத்தைக் கவனியுங்கள். மேலே ஒரு எண், அது மூலத்தின் விசை. கீழே இரண்டின் கூட்டல்: ஒன்று நாம் மாட்டும் கம்பி, மற்றொன்று சுற்றில் ஏற்கெனவே இருக்கும் தடை. மின்சாரம் தரும் பொருளின் தடையும் அந்த இரண்டாவதில் அடக்கம். தருகிறவனுக்குள்ளும் தடை உண்டு என்பது அவரது முதல் சரியான சூத்திரத்திலேயே இருக்கிறது. நம் பள்ளிப் புத்தகத்தில் படிக்கும் சுருக்கமான வடிவத்தில் இது கண்ணில் படுவதில்லை.

இப்போது உங்கள் பிள்ளையின் மேசைக்கு வருவோம். சதுரமான 9 வோல்ட் பேட்டரி கொஞ்சம் பழசாகி, அதன் உள்தடை 4 ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் திரும்பத் தொடங்கும் நொடியில் அரை ஆம்பியர் இழுத்தால், 2 வோல்ட் பேட்டரிக்குள்ளேயே செலவாகிவிடும். வெளியே வருவது 7தான். ஆர்டுயினோ போர்டில் 5 வோல்ட்டாக மாற்றித் தரும் பாகம் சரியாக வேலை செய்ய ஏறக்குறைய அந்த 7 வேண்டும். அதற்கும் கீழே போனால் 5 வோல்ட் சரியும். சில்லு தன்னைத்தானே மறுபடி தொடங்கிக்கொள்ளும். புரோகிராமில் ஒரு எழுத்துகூடத் தவறில்லை. 1825இல் ஓமின் மின்கலம் செய்ததைத்தான் இந்தப் பேட்டரியும் செய்கிறது.

பிறகு ஏன் பிள்ளை புரோகிராமையே குடைகிறது? அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1920களில் வானொலி ஆர்வலர்கள் ரொட்டி நறுக்கும் மரப்பலகையில் ஆணியும் திருகும் அடித்து, கம்பி சுற்றி, ரேடியோ செய்தார்கள். பிரெட்போர்டு என்ற பெயர் அங்கிருந்து வந்தது. அதில் ஒவ்வொரு இணைப்பும் கண்ணுக்குத் தெரியும். இன்றைய பிளாஸ்டிக் பலகையை 1971இல் அமெரிக்காவின் ரொனால்டு போர்ச்சுகல் வடிவமைத்தார். பற்றவைக்க வேண்டாம், குத்தினால் போதும். ஆனால் இணைப்புகள் எல்லாம் உள்ளே மறைந்துவிட்டன. கம்பி கிளிப்பில் பிடித்திருக்கிறதா, ஓரத்து மின்வரிசை நடுவில் அறுபட்டிருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. 2005இல் இத்தாலியின் இவ்ரேயா ஊரில், மின்னணுவியல் தெரியாத வடிவமைப்பு மாணவர்களுக்காக ஆர்டுயினோ பிறந்தது. வசதி இன்னும் கூடியது. கூடவே சந்தேகப்பட வேண்டியவர்களின் பட்டியலில் புரோகிராமும் சேர்ந்துகொண்டது. திரையில் தெரிவது அது ஒன்றுதான் என்பதால் பழி முழுவதும் அதன் மேல் விழுகிறது.

கணினியைக் கையாண்ட பெரியவர்களும் வன்பொருளைத் தேடிப் பார்த்திருக்கிறார்கள். 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டில் மார்க் 2 கணினியின் 70ஆம் எண் ரிலேயில் ஒரு விட்டில் பூச்சி சிக்கியிருந்ததைக் கண்டுபிடித்து, பதிவேட்டில் ஒட்டி வைத்தார்கள். அந்தப் பக்கம் இன்றும் அமெரிக்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாததைப் பார்க்க மீட்டர் வேண்டும். ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றையும் ஒரே பெட்டியில் அளக்கும் அவோமீட்டர் 1923இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. தனித்தனிக் கருவிகளைச் சுமந்து அலுத்துப்போன ஓர் அஞ்சல் துறைப் பொறியாளரான டொனால்ட் மக்காடியின் யோசனை அது. இன்று கடையில் கிடைக்கும் மல்டிமீட்டர் அதன் வாரிசுதான்.

ஆகவே, பிள்ளைகளிடம் இப்படிச் செய்யச் சொல்லுங்கள். மோட்டாரைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. புரோகிராமை மட்டும் ஓட்டிப் பார்க்கட்டும். அது ஓடினால், மீட்டரை 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் வைத்து, மோட்டார் இல்லாமல் ஒரு அளவு, மோட்டார் திரும்பும்போது ஒரு அளவு எடுக்கட்டும். எண் கீழே விழுந்தால் குற்றவாளி பேட்டரி. மோட்டாருக்குத் தனியாக 4 பென்சில் பேட்டரி கொடுத்து, அதன் எதிர்முனையை ஆர்டுயினோவின் கிரவுண்டோடு சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் மோட்டாருக்குக் கட்டளை புரியாது. எண் விழவில்லை என்றால் ஒவ்வொரு வயராக அசைத்துப் பார்க்கட்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பலகையைப் பிள்ளை கையிலிருந்து வாங்கி நீங்களே சரிசெய்து கொடுக்காதீர்கள். போகெண்டார்ஃபைப் போல ஒரு யோசனை மட்டும் சொல்லுங்கள். முதல் சூத்திரம் தவறானதும் ஓம் "எனக்கு வராது" என்று எழுந்து போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1827இல் புத்தகம் போட்ட பிறகும் சொந்த நாட்டில் அவருக்குப் பெரிய வரவேற்பு இல்லை. லண்டன் ராயல் சொசைட்டி பதக்கம் கொடுத்தது 1841இல். மியூனிக்கில் பேராசிரியர் பதவி கிடைத்தது 1852இல். இரண்டே ஆண்டில் காலமானார். அவர் பெயர் தடையின் அலகாக உலக அளவில் ஏற்கப்பட்டது 1881இல்.

அடுத்த முறை எனக்கு வீடியோ அனுப்பும்போது அந்த இரண்டு எண்களையும் பிள்ளையின் கையெழுத்தில் எழுதி, படம் எடுத்துச் சேர்த்து அனுப்புங்கள். அதை வைத்துப் பேசுவோம்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்