மரக்கட்டையில் மலர்ந்த மூலிகை நூல்கள்

மூலிகைக்குப் பெயர் உண்டு, உருவமும் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று பிரியாது நிற்கும்வரை மருத்துவன் கை தவறுவதில்லை. பெயர் ஓரிடத்திலும் உருவம் வேறிடத்திலும் போய்விடின், அருந்துவது மருந்தோ நஞ்சோ என்னும் ஐயம் பிறந்துவிடும். இவ்விரண்டையும் ஒரே தாளில் பிணைத்து வைக்க ஐரோப்பிய மருத்துவரும் ஓவியரும் அச்சகத்தாரும் நூறாண்டுக்காலம் முயன்றனர். அம்முயற்சியின் வரலாறே பழைய மூலிகை நூல்களின் வரலாறு. அந்நூல்களை விலைகொடுத்துத் தொகுப்பது பெருஞ்செல்வர்க்கும் பெரிய நூலகங்களுக்குமே இயலும். எனினும், பிறந்த மண்ணை விட்டுப் பிறமொழி வழங்கும் ஊரில் குடும்பம் நடத்தும் நமக்கு அவற்றின் கதை அயலானது அன்று.

நூல்களைக் கையால் படியெடுத்த காலத்தில், ஒருவர் வரைந்த செடியைப் பார்த்து மற்றொருவர் வரைவார். அதைப் பார்த்து வேறொருவர் வரைவார். ஒவ்வொரு படியிலும் இலை சிறிது மாறும். வேர் சிறிது வளையும். இறுதியில் எஞ்சுவது செடியன்று, செடியின் நிழலே. மரக்கட்டை அச்சு இக்குறையைத் தீர்க்க வழி செய்தது. பேரிக்காய் மரம் போன்ற நெருங்கிய இழையுள்ள மரத்தில் படத்தை இடம் வலம் மாற்றி வரைவர். கோடுகளை மேடாக நிறுத்தி, எஞ்சிய பகுதியைச் செதுக்கி நீக்குவர். கட்டையின் உயரமும் அச்செழுத்தின் உயரமும் ஒத்திருத்தலால், எழுத்தும் படமும் ஒரே அழுத்தத்தில் பதியும். ஒரு படியிற் கண்ட இலையே மற்றெல்லாப் படிகளிலும் காணப்படும்.

ஆயினும் கருவி வந்தவுடனே உண்மை வந்துவிடவில்லை. 1485ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் பீட்டர் ஷோஃபர் என்பார் ஜெர்மன் மொழியில் ஒரு மூலிகை நூலை வெளியிட்டார். அதன் படங்களுட் சில செடியை நேரிற் கண்டு வரைந்தவை. அவ்வாண்டிலேயே ஆக்ஸ்பர்க் நகரத்து அச்சகத்தார் ஒருவர் அதனைப் பார்த்து வேறு கட்டைகள் செதுக்கி விற்கத் தொடங்கிவிட்டார். படியின் படியாக வந்த படங்கள் மீண்டும் தேய்ந்தன. 1491இல் மைன்ஸில் வெளியான ‘ஹோர்ட்டஸ் சானிட்டாடிஸ்’ என்னும் பெருநூலில் நார்சிசஸ் மலரினின்று சிறு மனித உருவங்கள் எட்டிப் பார்க்கின்றன! கேட்ட கதையைக் கண்ட காட்சியாக வரைந்தால் விளைவது இதுதான்.

1530இல் திருப்பம் நேர்ந்தது. ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓட்டோ புருன்ஃபெல்ஸ் எழுதிய நூலுக்கு ஹான்ஸ் வைடிட்ஸ் என்னும் ஓவியர் படம் வரைந்தார். அவர் கண்முன் இருந்த செடியையே வரைந்தார். இலை வாடியிருந்தால் வாடியவாறே வரைந்தார். கிழிந்திருந்தால் கிழிந்தவாறே வரைந்தார். நூலாசிரியரோ பழைய கிரேக்க, இலத்தீன் ஏடுகளையே பற்றி நின்றவர். ஏடுகளிற் பெயர் காணப்படாத செடிகளை அவர் ‘ஆடையற்ற பூண்டுகள்’ என்று குறிப்பிட்டார். மத்தியதரைக் கடற்கரையில் பிறந்த பெயர்களை ஜெர்மானியக் காட்டுச் செடிகளுக்குப் பொருத்த முயன்றால் எஞ்சும் செடிகள் பல இருக்குமன்றோ? பெயரில்லை என்பதற்காகச் செடி இல்லாமற் போகுமா? ஓவியரின் கண் அச்செடிகளுக்கும் இடம் தந்தது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1542இல், லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் என்னும் மருத்துவர் 500க்கு மேற்பட்ட முழுப்பக்கப் படங்களுடன் ஒரு நூலைப் பாசல் நகரில் வெளியிட்டார். செடியை வரைந்தவர், அதனைக் கட்டைக்கு மாற்றியவர், கட்டையைச் செதுக்கியவர் ஆகிய மூவரின் உருவங்களையும் நூலின் இறுதியிற் பதிப்பித்துப் பெருமை செய்தார். கைவினைஞர் பெயரே வெளிப்படாத அக்காலத்தில் இது அரிய பண்பாகும்.

அந்நூலில் மிளகாய்ச் செடியின் படமும் உண்டு. அதற்கு அங்கு வழங்கிய பெயர்களுள் ஒன்று ‘கள்ளிக்கோட்டை மிளகு’ என்பது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. நம் நாட்டிற்கு அதனைக் கொணர்ந்தவர் போர்த்துக்கேயர். காரமான பொருள் எதுவாயினும் மலையாளக் கரையிலிருந்தே வந்திருக்கும் என்று ஐரோப்பியர் எண்ணிவிட்டனர் போலும். பெயர் வழி தவறிப் போயிற்று, படமோ தவறவில்லை. அதனாலன்றோ, பெயரைக் கடந்து அச்செடி மிளகாயே என்று இன்று நாம் அறிய முடிகிறது.

நம் வீடுகளில் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்று போற்றப்படும் வசம்பின் கதையும் இத்தகையதே. பழைய கிரேக்க ஏடு கூறிய ‘அகோரம்’ எது என்று அறியாத ஐரோப்பிய மருந்துக் கடைக்காரர், நீரோரத்தில் மஞ்சட்பூப் பூக்கும் வேறொரு செடியின் கிழங்கை அப்பெயரால் விற்று வந்தனர். கான்ஸ்டான்டிநோபிளில் தூதராயிருந்த பஸ்பெக் என்பார் மத்தியோலி என்னும் மருத்துவருக்கு அனுப்பிய செடிகளுள் உண்மையான வசம்பும் ஒன்று. மத்தியோலி பெரிய மரக்கட்டைப் படங்களுடன் நூல்களை வெளியிட்டவர். பழைய மயக்கத்தின் தழும்பு இன்றும் மறையவில்லை. அம்மஞ்சட்பூச் செடிக்கு 1753இல் லின்னேயஸ் இட்ட பெயரே ‘போலி அகோரம்’ என்னும் பொருள் தருவது.

இந்தியச் செடிகளைப் பற்றிய நூலும் விரைவில் அச்சேறியது. 1563இல் கோவாவில் வெளியான கார்சியா ட ஓர்த்தாவின் உரையாடல் நூலில் படங்கள் இல்லை; பெயர்களோ பல. மலையாளக் கரையில் ‘புளி’ என வழங்குவதையும் அவர் குறித்துள்ளார். கொச்சியில் மருத்துவராயிருந்த கிறிஸ்டோவாவ் ட கோஸ்டா, ஓர்த்தாவைப் பின்பற்றி, படங்களும் சேர்த்து, 1578இல் ஸ்பெயின் நாட்டுப் புர்கோஸ் நகரில் ஒரு நூல் வெளியிட்டார். அதே 1578இல்தான் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாயிற்று. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று கிடைக்கும் நூல்களுள் மிகப் பழையது அதுவே. நம் செடிகளின் உருவம் ஒரு கண்டத்திலும் நம் எழுத்தின் உருவம் மற்றொரு கண்டத்திலும் ஒரே ஆண்டில் அச்சேறின!

இத்தகைய நூல்களைத் தொகுத்தோருள் அமெரிக்கப் பெண்மணி ரேச்சல் ஹண்ட் (1882-1963) குறிப்பிடத்தக்கவர். நூற்கட்டுக் கலையும் பயின்ற அவர், தம் செல்வத்தைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் பிட்ஸ்பர்க் நகரக் கல்விநிலையத்திற்கு வழங்கினார். தேர்ந்த தொகுப்பாளர் ஒவ்வொரு தாளையும் எண்ணிப் பார்ப்பர். பூச்சி அரித்த துளை தாள்தோறும் தொடர்ந்து வந்து, ஒரு தாளில் மட்டும் காணப்படாவிடின், அத்தாள் வேறு படியிலிருந்து வந்து சேர்ந்தது என ஐயுறுவர். ஒரு காலத்தில் ஓரங்களில் எழுதப்பட்ட குறிப்புகளைக் கழுவி நீக்கித் தாளை வெளுத்தவரும் உண்டு. இன்றோ அக்குறிப்புகளே பெருஞ்செல்வம். குளூசியஸ் என்னும் அறிஞர் தம் கையால் குறிப்பெழுதிய ஓர்த்தாவின் படியைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகம் போற்றிக் காக்கின்றது. மற்றொரு புறம், நூலைப் பிரித்துத் தாள் தாளாக விற்கும் வணிகமும் நடக்கிறது. சுவரில் தொங்கும் ஒற்றைத் தாள் அழகாயிருக்கலாம். ஆனால் முன்னும் பின்னும் இருந்த உரையை இழந்த படம் மீண்டும் பெயர் இழந்த செடியே ஆகிறது.

நம் முன்னோர் மருத்துவத்தைப் பாட்டாக்கி ஓலையில் பொறித்தனர். படம் எழுதி வைக்கவில்லை. செடியைக் காட்ட ஆசான் இருந்தான், தோட்டமும் இருந்தது. இங்கு நமக்கு அவ்விரண்டும் இல்லை. இரவில் பெயர் சொல்லலாகாது என்று நம் பாட்டியர் ‘பேர் சொல்லாதது’ என அழைத்த வசம்பு, இந்தி வழங்கும் கடைத்தெருவில் ‘பச்’ ஆகிறது; மராத்தி வழங்கும் ஊரில் ‘வேகண்ட்’ ஆகிறது. நம் குழந்தைகள் கடைப் பெயரை அறிவர். வீட்டுப் பெயரை அறியார். இன்னும் ஒரு தலைமுறை கழிந்தால், அது உண்மையிலேயே பேர் சொல்லாததாகிவிடும்.

ஆகவே நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். மருந்து கொடுப்பது மருத்துவர் கடமை. பெயரைக் காப்பது நம் கடமை. வீட்டுக்கொரு குறிப்பேடு வையுங்கள். ஒரு பக்கத்திற்கு ஒரு செடியாகக் குழந்தைகளையே கண்டு வரையச் சொல்லுங்கள். இலை வாடியிருந்தால் வாடியவாறே வரையட்டும். அதன் கீழே தமிழ்ப் பெயர், இவ்வூர்ப் பெயர், நம் சொந்த ஊரில் அதனை எதற்குப் பயன்படுத்தினர் என்பது, அதனைச் சொன்ன மூத்தவர் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். அடுத்த ஆண்டு விழாவில் அக்குறிப்பேடுகளையெல்லாம் ஒரு மேசைமீது அடுக்கி வைப்போம்.