ஈடும் நடத்தையும்: கிராமக் கடன் சங்கங்களின் வரலாற்றில் ஒரு பகுதி

கடன் கேட்டு வருபவனிடம் முதலில் எதை நோக்குவது என்னும் வினாவுக்கு, லேவாதேவிக்காரர்கள் நெடுங்காலமாக ஒரே விடையைச் சொல்லி வந்தனர். நகையோ நிலமோ ஈடாக வைக்க இயலாதவனுக்கு ஒன்று பணம் இல்லை, அன்றேல் தாங்கொணாத வட்டிக்கே பணம் உண்டு. இது பொருளாதார விதியன்று, வெறும் வழக்கமே என்பதை அனுபவத்தில் மெய்ப்பித்தவர்களுள் முதன்மையானவர், ஜெர்மனியின் வெஸ்டர்வால்டு மலைப்பிரதேசத்தில் கிராம அதிகாரியாக இருந்த பிரீட்ரிஷ் வில்ஹெல்ம் ரைபைசன் ஆவார்.

1846-47ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், விளைச்சல் பொய்த்து வேயர்புஷ் வட்டாரத்து ஏழைகள் உணவின்றித் தவித்தபோது, ரொக்கத்துக்கே விற்க வேண்டும் என்ற உத்தரவுடன் அரசாங்கத்திலிருந்து மாவு வந்தது. கையில் காசுள்ளவன் பட்டினி கிடப்பதில்லை என்பதை அறிந்த ரைபைசன், அவ்வுத்தரவை ஒதுக்கிவிட்டு, பின்னர்த் திருப்பித் தருவதாக அவர்கள் அளித்த வாக்கின் பேரிலேயே மாவை வழங்கினார். வசதி படைத்தோரிடம் நிதி திரட்டி, பொது அடுப்பு ஒன்றும் அமைத்து, ரொட்டி சுட்டுக் கொடுக்கச் செய்தார்.

எனினும், அக்காலத்திலும், 1849இல் பிளாமர்ஸ்பெல்டில் அவர் நிறுவிய சங்கத்திலும், ஏழைக்குப் பின்னால் பிணையாக நின்றது செல்வரின் தயாளமே. தயாளம் சில ஆண்டுகளில் சோர்ந்துவிடும் என்பதை நேரில் கண்ட பின்னரே, 1864இல் ஹெட்டஸ்டார்பில், கடன் பெறுவோர் தாமே உறுப்பினராகி, ஒருவர் கடனுக்கு எல்லோரும் வரையறையின்றிப் பொறுப்பேற்கும் முறையை அவர் ஸ்தாபித்தார். இந்த மாறுதலே இவ்வரலாற்றின் உயிர்நிலை என்பது என் துணிபு. அயலான் கடன் தவறினால் தன் உழவுமாடும் போகக்கூடும் என்ற நிலையில், பஞ்சாயத்தில் அமர்ந்த குடியானவன், மனுச் செய்தவனுடைய வேலியைக் கடந்து அவன் வாழ்க்கையையே பார்க்கத் தொடங்கினான்: குடிக்கிறானா, விதை வாங்கக் கேட்கிறானா, விருந்துக்குக் கேட்கிறானா, சென்ற ஆண்டு இரவல் வாங்கியதைத் திருப்பினானா? சங்கத்தின் எல்லை சிறிதாக இருக்க வேண்டும் என்று ரைபைசன் பிடிவாதம் காட்டியதன் காரணமும் இதுவே. ஒருவரையொருவர் அறியாதவர்கள் ஒருவர் ஒழுக்கத்தை ஒருவர் நிறுக்க இயலாது.

சென்னை மாகாணத்தில் இக்கருத்து நுழைந்த வழி, பிரடெரிக் நிக்கல்சன் என்ற உத்தியோகஸ்தரின் அறிக்கை. ஐரோப்பிய விவசாய வங்கிகளை ஆராயுமாறு 1892இல் பணிக்கப்பட்ட அவர், 1895இலும் 1897இலும் இரு பெரும் பாகங்களாக அதனை வெளியிட்டார். இந்நாட்டில் ‘நிதி’ எனப்படும் பரஸ்பரக் கடன் சங்கங்களையும் அதில் கவனமாக ஆராய்ந்து, முடிவில் ரைபைசனையொத்த மனிதரையே தேட வேண்டுமென்று வற்புறுத்தினார். 1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் கிராமச் சங்கங்களுக்கு வரையறையற்ற பொறுப்பைப் பொது விதியாக்கிற்று. அவ்வாண்டே செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் சங்கம் பதிவாயிற்று.

ஆனால் இங்கே பணம் பெரும்பாலும் ஊருக்குள்ளிருந்து சேமிப்பாக வரவில்லை. மத்திய கூட்டுறவு வங்கிகளிலிருந்து வந்தது. தொலைவில் இருந்து பணம் கொடுப்பவருக்கு ஒரு குடியானவனின் நேர்மையைக் காணக் கண்ணில்லை. அவன் பட்டாவைக் காண இயலும். ஆகவே உறுப்பினர் ஒவ்வொருவரின் சொத்து விவரமும் பட்டியலாகத் தயாராயிற்று. நிலம், வீடு, மாடு, பழைய கடன் என்று பத்திகள் வகுத்த அப்பட்டியலைக் கொண்டே இன்னாருக்கு இவ்வளவு என்ற உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. நடத்தைக்கு அதில் பத்தி கிடையாது. ஒழுக்கத்தை நம்பி எழுந்த ஸ்தாபனம், தன்னையறியாமலேயே லேவாதேவிக்காரரின் தராசைக் கையில் எடுத்துக்கொண்டது.

1929க்குப் பின் தானிய விலைகள் சரிந்தபோது, நேர்மையாளனும் தவணை தவறினான். அவன் தவறியது விலையால், குணத்தால் அன்று. அவ்வேறுபாட்டைக் கணக்கேடுகள் அறியவில்லை. நிலுவை மலிந்து பல சங்கங்கள் கலைக்கப்பட்டன. அண்டை வீட்டானுக்காகப் பொறுப்பேற்றவர்களின் நிலமும் ஏலத்துக்கு உள்ளாகவே, பொறுப்பேற்பது என்ற சொல்லையே குடியானவர்கள் அஞ்சினர். இது அவர்கள் குற்றமென்று கூறுவதற்கு என் மனம் ஒப்பவில்லை.

கோர்வாலா தலைமையிலான குழு 1954இல் வெளியிட்ட கிராமக் கடன் ஆய்வு, விவசாயிகள் பெற்ற கடனில் கூட்டுறவின் பங்கு ஏறக்குறைய 3 சதவீதமே என்று காட்டியது. நிலத்தை ஈடாகக் கருதியதால் குத்தகைதாரரும் சிறு குடியானவரும் விடுபட்டுப் போயினர் என்று சுட்டிய அக்குழு, நிலத்தின் உரிமையைவிட விளையப்போகும் பயிரையே கடனுக்கு அடிப்படையாகக் கொள்ளும்படி பரிந்துரைத்தது. வேயர்புஷ் ஏழையும் வரப்போகும் அறுவடையைக் காட்டியே மாவு பெற்றிருந்தான். ஆயினும் அவனுக்கு அதைக் கொடுத்தவர் அவனை அறிந்தவர். பயிர்க் கடனுக்கு மனு எழுதும் குத்தகைக்காரனிடம், அவன் உழும் நிலத்துக்கு அத்தாட்சி எங்கே என்றே சங்கத்தின் காரியதரிசி இன்னமும் முதலில் கேட்கிறார்.