சுவருக்கும் மூச்சு முட்டும்

கஞ்சாச் செடியைச் சுவத்துல பூசுவாங்கன்னு சொன்னா நம்புவீங்களா மக்களே? புகை விடுற சமாச்சாரம் இல்லைங்க :-) அதே இனத்துல நாருக்காக வளர்க்கிற ஹெம்ப். நாரை உரிச்ச பிறகு மிஞ்சுற தண்டுச் சக்கையைச் சுண்ணாம்போட கலந்து பழைய கல் வீடுகளுக்குப் பூசுறாங்க.

பூச்சுல ஹெம்ப் சேர்க்கிறது புதுசும் இல்லை. எல்லோராக் குகைப் பூச்சுல அது கலந்திருக்குன்னு 2016ல 'கரண்ட் சயின்ஸ்' இதழ்ல ஒரு ஆய்வு வந்தது. ஹெம்ப் இல்லாத அஜந்தாப் பூச்சைப் பூச்சி அரிச்சிடுச்சு, எல்லோரா தாக்குப்பிடிச்சதுக்கு ஹெம்ப் ஒரு காரணம்ங்கிறது அவங்க வாதம்.

ஐரோப்பாவுல கதை வேற. அங்கே கல் வீடுகளுக்குக் காலங்காலமா சுண்ணாம்புதான். 1824ல ஜோசப் ஆஸ்ப்டின் இங்கிலாந்துல போர்ட்லாண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கினார். கெட்டியான சரக்கு, சீக்கிரம் இறுகும். 20ஆம் நூற்றாண்டுல பழைய சுவர்கள் மேலயும் அதையே அப்பினாங்க. வில்லங்கம் அங்கதான் ஆரம்பம்.

பழைய கல் சுவர்ல ஈரம் ஏறுறதைத் தடுக்க அடியில தடுப்பு எதுவும் கிடையாது. ஏறுன ஈரம் கல் இடுக்குச் சுண்ணாம்பு வழியா ஆவியாப் போயிடும். சிமெண்ட் பூசினா அந்த வழி அடைபடுது. மயிரிழை விரிசல்ல மழைத்தண்ணி உள்ளே போகும், வெளியே வராது. சுவர் ஓதம் காக்கும், உப்பு பூத்துக் கல்லே செதில் செதிலா உதிரும்.

பிரான்ஸ்ல நோஜான்-சூர்-சேன் ஊர்ல ஒரு பழைய மரச்சட்ட வீடு இப்படித்தான் சிமெண்டால கெட்டுப்போச்சு. 1986ல அதைப் புதுப்பிச்ச ஷார்ல் ராசெத்தி, சுண்ணாம்போட ஹெம்ப் சக்கையைக் கலந்து பார்த்தார். இன்னைக்கு ஹெம்ப்கிரீட்னு சொல்றாங்களே, அதுக்கு அதுதான் தொடக்கம். பிறகு கல் சுவருக்கும் பூச்சா வந்தது.

சூட்சுமம் எளிது. சக்கைக்குள்ள நுண்ணிய துளைகள், அதுல காற்று. அதனால குளிர் தடுக்கும். ஈரத்தை வாங்கி வச்சு மெதுவா விடும். வெத்தலைக்குத் தடவுற அதே நீர்த்த சுண்ணாம்பு, காற்றுல இருக்கிற கார்பன் டை ஆக்சைடை வாங்கி மறுபடி சுண்ணாம்புக்கல்லா மாறும்.

மந்திரமெல்லாம் இல்லை. கூரை ஒழுகுறதை முதல்ல அடைக்கணும். சிமெண்டைக் கல்லு பெயராம உரிச்சு, சுவரைக் காயவிடணும். பூச்சு கனமா இருந்தா உலர வாரக்கணக்கு ஆகும். பொறுமை இல்லாதவங்களுக்குச் சரிப்படாது.

கெட்டியானது எல்லாம் உறுதியானது இல்லைங்கிறதுதான் இந்தக் கதை. பழைய கல் வீடு வச்சிருக்கவங்க, சிமெண்ட் மூட்டையைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிங்க.