கள்ளச்சாவி முதல் மின்சாவி வரை

சாவி என்று நாம் நாள்தோறும் வழங்கும் சொல் தமிழ்ச் சொல் அன்று. ஜன்னல், அலமாரி, மேசை என்பனவற்றைப் போலவே அதுவும் போர்த்துக்கீசியரோடு கடல் கடந்து வந்து நம் வீட்டில் குடியேறிய சொல்லே. நம் முன்னோர் அதனைத் திறவுகோல் என்றனர். அதனினும் நமக்குச் சுவை தருவது மற்றொரு சொல். உடையவனே தன் காசைக் கொடுத்துத் தன் பூட்டுக்கு இரண்டாவதாக ஒரு சாவி செய்துகொண்டாலும், அதனைக் கள்ளச்சாவி என்றே தமிழன் அழைத்தான். மாற்றுச் சாவியின் மேல் உலகத்தாருக்குள்ள ஐயமெல்லாம் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. அந்த ஐயத்தின் வரலாற்றையே இங்கே ஆராயப் புகுகின்றோம்.

இதற்குக் காரணமாயிருந்தது அந்தமானில், போர்ட் பிளேர் நகரைச் சேர்ந்த மின்னி பே என்னும் பகுதியில் நாம் குடியிருந்தபோது நேர்ந்த சிறு சங்கடம். (அந்நகருக்கு 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் அறிவிக்கப்பட்டது, பழகிய நாக்கு பழைய பெயரையே நாடுகிறது.) ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பொழியும் ஊர் அது. உப்புக் காற்றும் ஈரமும் எதனையும் விட்டுவைப்பதில்லை. நம் காரின் ரிமோட் சாவியில் ரப்பர்ப் பொத்தான்கள் பிய்ந்து, உள்ளிருந்த மின்கலத்தின் பற்றுத் தகடுகளில் பச்சைக் களிம்பு ஏறிவிட்டது. கடைத்தெருவில் ஒருவர் அரை மணி நேரத்தில் மேலுறையை மாற்றித் தந்தார். பொத்தானை அழுத்தினோம், கதவு திறந்தது. சாவியைத் திருகினோம், எஞ்சின் ஓடவில்லை. முகப்புப் பலகையில் சாவி உருவம் கொண்ட சிறு விளக்கு ஒன்று மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

கதவைத் திறந்த சாவி எஞ்சினுக்கு ஏன் அந்நியமாயிற்று? இதற்கு விடை காண வேண்டுமானால் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

தமிழகத்தில் பூட்டு என்றதும் நினைவுக்கு வருவது திண்டுக்கல். கையால் அரமிட்டு, கையால் இணைத்து, ஒன்றின் சாவி மற்றொன்றில் நுழையாதபடி செய்யப்பட்ட அவ்வூர்ப் பூட்டுகள் 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றன. வேலை தேடி வெளிமாநிலம் சென்ற தமிழர் பலருடைய தகரப் பெட்டியிலும் திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு ஒன்று தொங்கியதை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். அக்காலத்தில் சாவி தொலைந்தால் அஞ்சுவாரில்லை. வளையத்தில் நூறு சாவிகளைக் கோத்துக் குலுக்கிக்கொண்டு தெருவில் வரும் பூட்டுக்காரர் வாசலில் அமர்ந்து, வெற்றுச் சாவியைப் பூட்டினுள் விட்டுத் திருப்பி, அதில் பதிந்த தழும்பைப் பார்த்து அரத்தால் இழைப்பார். மீண்டும் விடுவார், மீண்டும் இழைப்பார். ஒரு நாழிகையில் பூட்டு வழிக்கு வரும். இரகசியம் முழுவதும் இரும்பின் வடிவத்திலேயே இருந்தது. வடிவத்தைக் கண்டறிந்தவனுக்குத் தடையில்லை.

மோட்டார் வண்டியின் சாவியும் நெடுங்காலம் இந்த இனத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. தொடக்க காலக் கார்களை முன்புறம் நின்று கைப்பிடியைச் சுழற்றியே கிளப்பினர். 1912இல் காடிலாக் கார்களில் மின்சாரத் தொடக்கி வந்தது. எனினும் சாவியின் வேலை மின்னோட்டத்தை இணைப்பதோடு முடிந்தது. எஞ்சினைக் கிளப்பக் காலாலோ கையாலோ வேறொரு பொத்தானை அழுத்தவேண்டும். ஒரே சாவியைத் திருகியவுடன் எஞ்சினும் கிளம்பும் முறையை 1949இல் கிரைஸ்லர் நிறுவனம் புகுத்தியது. நம் நாட்டில் அம்பாசிடர் காலத்துச் சாவி மெல்லிய தகடு. தேய்ந்துபோன தம் சாவி பிறர் வண்டியையும் திறந்துவிட்டது என்று கதை சொல்லாத பழைய ஓட்டுநர் அரிது! 1983 டிசம்பர் 14ஆம் நாள் பிரதமர் இந்திரா காந்தி முதல் மாருதி காரின் உரிமையாளரிடம் கொடுத்த சாவியும் அத்தகைய வெறும் உலோகச் சாவியே.

வடிவத்தில் மட்டும் இரகசியத்தை வைத்தால் போதாது என்னும் எண்ணம் 1980களில் வலுப்பெற்றது. 1982இல் பிரான்சு நாட்டின் ரெனோ நிறுவனம் தன் ஃபியூகோ காரில், தொலைவிலிருந்தே கதவைத் திறக்கும் கைக்கருவியைத் தந்தது. 1986இல் அமெரிக்காவின் கார்வெட் காரில் சாவித் தகட்டின் நடுவே மின்தடைக் குறுணி ஒன்றைப் பதித்தனர். அதற்குப் பதினைந்து அளவுகள் இருந்தன. அளவு பொருந்தாவிடில், வெட்டு சரியாக அமைந்த சாவியாலும் வண்டி கிளம்பாது. சாவியின் வரலாற்றில் இதனைப் பெரியதொரு திருப்பம் என்றே கருதுகிறோம். பூட்டுக்காரரின் அரத்துக்கு எட்டாத ஒன்று அன்றுதான் முதன்முதலாகச் சாவிக்குள் புகுந்தது.

அடுத்து வந்தது மின்சில்லு. கோதுமை மணியைவிடச் சற்றுப் பெரிதான அதற்கு மின்கலம் வேண்டுவதில்லை. சாவித் துளையைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள் அதற்கு ஆற்றலை ஊட்டுகிறது; உடனே அது தன் அடையாளத்தை உரைக்கிறது. வண்டியின் மூளையாகிய கணிப்பான் அந்த அடையாளத்தை ஏற்றாலன்றி எஞ்சின் ஓடாது. ஐரோப்பாவில் 1998 அக்டோபர் முதல் புதிய கார்களுக்கு இத்தகைய தடுப்பு கட்டாயமாக்கப்பட்டது. ஆகவே, இன்றைய சாவி ஓர் உறைக்குள் மூன்று சாவிகள்: வெட்டப்பட்ட தகடு, கதவுக்கான ரேடியோக் கருவி, எஞ்சினுக்கான மின்சில்லு. ஒன்று கெட்டால் மற்றவை அதனைப் பற்றிக் கவலை கொள்வதில்லை.

ரேடியோக் கருவிக்கும் ஒரு வரலாறுண்டு. ஒரே குறியீட்டை எப்போதும் அனுப்பினால், மறைந்திருப்பவன் அதனைப் பதிவு செய்து மீண்டும் ஒலிபரப்பிக் கதவைத் திறந்துவிடலாம். ஆதலின் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் குறியீடு மாறும் முறைகள் தோன்றின. தென்னாப்பிரிக்காவில் உருவான கீலாக் என்பது அவற்றுள் புகழ்பெற்றது. 2008இல் ஜெர்மனியின் போகும் நகரப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் அதனையும் உடைத்துக் காட்டினர். 1851ஆம் ஆண்டு இலண்டன் பொருட்காட்சியின்போது, திறக்கவே முடியாது என்று பறைசாற்றப்பட்ட பிராமா பூட்டை ஹாப்ஸ் என்னும் அமெரிக்கர் திறந்து காட்டி இங்கிலாந்தைத் திடுக்கிடச் செய்தார். அதன் மறுபதிப்பே இது.

அந்தமானில் இருந்துகொண்டு பூட்டைப் பற்றிப் பேசுவோர் செல்லுலார் சிறையைப் பேசாமல் இருக்கவியலாது. 1896இல் தொடங்கி 1906இல் முடிக்கப்பட்ட அச்சிறையின் அறைக் கதவுகளை இன்றும் காணலாம். தாழ்ப்பாளின் நீண்ட கம்பி கதவைக் கடந்து, சுவரில் குடைந்த குழிக்குள் சென்று முடிகிறது. பூட்டு அங்கேதான் தொங்கும். கம்பிக் கதவினூடே கை நீட்டும் கைதிக்கு அது எட்டாது. காவலர் சில வேளைகளில் சாவியை அறைக்குள்ளேயே எறிந்துவிட்டு வேடிக்கை பார்த்ததாகவும் கதை வழங்குகிறது. அது மெய்யோ பொய்யோ, அமைப்பைப் பார்த்தவர் அதனை நம்பத் தயங்கார். சாவி கையில் இருந்தும் பயனில்லாத நிலைமையை அன்றே ஆக்கிவைத்திருந்தனர். எஞ்சின் ஓடாத காரினுள் நாம் அமர்ந்திருந்தபோது இந்த ஒப்புமை மனத்தில் எழுந்தது. ஒரு காரின் தொல்லையை அத்துயரத்தோடு ஒப்பிடுவது மிகையென்று உடனே நாணமும் உண்டாயிற்று.

நிலப்பகுதியில் சாவி தொலைந்தால் செலவு மட்டுமே; தீவில் காலமும் சேர்ந்து செலவாகிறது. விற்பனையாளர் பதிவுச் சான்றையும் அடையாளச் சான்றையும் கேட்பார். தொலைந்ததென்றால் காவல் நிலையத்தில் அளித்த புகாரின் நகலையும் கேட்பதுண்டு. அதன் பின்னரே சட்டக எண்ணைக் கொண்டு புதுச் சாவிக்கு எழுதுவார். அது வந்து சேர்ந்ததும், எஞ்சியுள்ள சாவியையும் கொண்டுவரச் சொல்வார்; ஏனெனில் புதியதைப் பதியும்போது பல வண்டிகளில் பழையவற்றின் நினைவு அழிந்துவிடும், எல்லாவற்றையும் ஒருங்கே பதியவேண்டும். சென்னையிலிருந்து கப்பலுக்கு ஏறத்தாழ மூன்று நாள். 2011 கணக்கின்படி இத்தீவுகளில் நூற்றுக்குப் பதினைவர்போல் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர்; அவர்களுள் எத்தனையோ குடும்பத்தினர் ஒரு சாவியை இங்கேயும் மற்றொன்றைத் தாயகத்திலும் வைத்திருப்பர். நாமும் அப்படியே வைத்திருந்தோம். பத்திரமாய் இருக்கட்டும் என்று இரண்டாம் சாவியை மதுரையில் உறவினர் வீட்டு அலமாரியில் விட்டு வந்திருந்தோம். வண்டி களவு போனால் காப்பீட்டு நிறுவனத்தார் இரண்டு சாவிகளையும் கேட்பது வழக்கம் என்று பிற்பாடு அறிந்தபோது, அந்தப் பத்திரம் எவ்வளவு பேதைமையானது என்று விளங்கிற்று.

மூலச் சாவி ஒன்றுகூட இல்லாவிடில் நிலைமை இன்னும் கடினம். சில வண்டிகளில் கணிப்பானையே கழற்றி வேலை செய்யவேண்டி வரும். சிலவற்றில் அதனை மாற்றவே நேரிடும். உரிய கருவிகளைக் கற்று வைத்துள்ள தெருக் கைவினைஞர் இதனைக் குறைந்த கூலியில் முடிப்பதுண்டு. அவர்கள் எல்லோரையும் கள்ளச்சாவிக்காரர் என்று ஒதுக்குவது நியாயமன்று. நம் கருத்தில், உடையவனின் சான்றைக் கேட்டுப் பார்த்தபின் வேலை செய்பவர் தெருவில் இருந்தாலும் நம்பத்தக்கவரே.

நம் கதைக்கு வருவோம். மேலுறையை மாற்றியவர் தகட்டையும் ரேடியோப் பலகையையும் புதிய உறைக்கு மாற்றினார். பழைய உறையின் மூலையில் தனியே செருகப்பட்டிருந்த மின்சில்லைக் கவனிக்கவில்லை. உறையோடு அதுவும் கடைக் குப்பைக் கூடைக்குப் போய்விட்டது. மழையில் நனைந்துகொண்டே திரும்பி ஓடினோம். நல்லவேளையாகக் கூடை அன்று காலியாகவில்லை. அவரும் நாமும் தரையில் அமர்ந்து கம்பித் துண்டுகளையும் தேநீர்க் கோப்பைகளையும் விலக்கித் தேடினோம். பிளந்த பழைய உறையின் மடிப்பில், கறுத்த மிளகுபோல் அது ஒட்டிக்கொண்டிருந்தது. கூலி வேண்டாம் என்று அவர் மறுத்தார். பாதியாவது வாங்கிக்கொள்ளச் செய்தோம். அன்று மாலையே மதுரைக்குத் தொலைபேசியில் பேசி, இரண்டாம் சாவியை அடுத்து வருகின்றவர் கையில் கொடுத்தனுப்பச் சொன்னோம்.