கோடிக்கரை வழி

சோழமண்டலக் கடற்கரை வடக்கிலிருந்து தெற்கு நோக்கி நேரே ஓடிவந்து, ஓரிடத்தில் மேற்கே திரும்புகின்றது. அத்திருப்பத்தின் முனையே கோடிக்கரை. 'கோடி' என்னுஞ் சொல் கடைசி, மூலை, முனை என்னும் பொருள்களைத் தருவது. ஆங்கிலப் படங்களிற் காணப்படும் 'கலிமியர்' என்ற பெயர் கள்ளிமேடு என்பதன் திரிபு என்பர். காங்கேசன்துறையிலிருந்து இம்முனை ஏறத்தாழ 35 மைல் தூரத்தில் உள்ளது. பாய்க்கப்பல்கள் ஓடிய காலத்தில் யாழ்ப்பாணத்தார்க்கு இந்தியாவின் வாயில் இதுவே. பனைமரமும் புகையிலையும் அக்கரை சென்றன. நெல் இக்கரை வந்தது. வேதாரணியத்துக்கும் சிதம்பரத்துக்கும் யாத்திரை சென்றோர் பலரும் இக்கரையிலேயே இறங்கினர்.

வேதாரணியத்திலிருந்து தெற்கே கோடிக்கரை வரை செல்லும் வழி 7 மைல் அளவினது. மலையில்லை, மேடில்லை, சிறுவரும் முதியோரும் வருந்தாது நடக்கலாம். ஆயினும் தமிழ்நாட்டு வரலாற்றில் இத்துணைக் குறுகிய வழியில் இத்துணைப் பெரிய நடைகள் நிகழ்ந்த இடம் அரிது. சுந்தரமூர்த்தி நாயனார் தம் தோழராகிய சேரமான் பெருமாளுடன் மறைக்காட்டை வணங்கி, அகத்தியான்பள்ளி வழியாகக் கோடிக்குழகரை அடைந்ததைச் சேக்கிழார் பாடுகின்றார். மூன்று தலங்களும் இன்றும் அதே வரிசையில் அதே வழியில் நிற்கின்றன. எனவே அப்பதிகம் பிறந்த சூழலைக் காலால் நடந்தே ஆராய்தல் கூடும்.

வழி தொடங்குமிடம் மறைக்காட்டுத் திருக்கோயில். வேதங்கள் பூசித்து அடைத்துச் சென்ற கதவை அப்பர் பாடித் திறந்ததும், சம்பந்தர் பாடி அடைத்ததும் யாவரும் அறிந்தவை. சோழர் கல்வெட்டுகள் பல இக்கோயிலில் உள. பிற்காலத்தில் இதன் ஆதீனப் பொறுப்பு யாழ்ப்பாணத்து வரணியூர்த் தில்லைநாதத் தம்பிரான் மரபினர்பால் வந்தமை ஈழத்துச் சைவர் பெருமையுடன் நினைவுகூருஞ் செய்தி. மறைக்காடு, வேதாரணியம் ஆகிய இருபெயர்களும் காட்டையே குறிப்பன. ஊரில் இன்று காடில்லை. அது தெற்கே ஒதுங்கிவிட்டது.

கோயிலைக் கடந்து அகத்தியான்பள்ளியை நெருங்கும்போது நிலம் வெளுக்கின்றது. வழியையடுத்து உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. கடல்நீர் பள்ளநிலத்திற் புகுந்து, கோடை வெயிலில் வற்றி, மனித முயற்சியின்றியே உப்பாக உறையும் சதுப்பு இது. தானே விளையும் பொருளை அள்ளுதல் குற்றம் என்று ஆங்கில அரசு சட்டஞ் செய்திருந்தது. அச்சட்டத்தை மீறுதற்கு இதனினும் பொருத்தமான களம் தென்னாட்டில் வேறு கிடைத்திராது.

1930 ஏப்பிரல் 13இல் இராஜகோபாலாச்சாரியார் ஏறத்தாழ நூறு தொண்டருடன் திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்டார். 150 மைல் நடந்து, 28ஆந் தேதி வேதாரணியத்தை அடைந்தார். தஞ்சை மாவட்டக் கலெக்டராயிருந்த தோர்ன் என்பார், தொண்டர்க்கு உணவோ உறையுளோ அளிப்போர் சிறை செல்ல நேரிடும் என அறிவித்திருந்தார். குடியானவர்கள் அவ்வாணையை எதிர்த்து வழக்காடவில்லை; சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளிற் கட்டித் தொங்கவிட்டுத் தம் வேலையைப் பார்க்கச் சென்றனர். உணவு அளித்தவர் எவரென்று மரத்தை விசாரிக்க முடியுமா? வேதாரணியத்திலோ, ஒரு நாவிதர் தம்முன் அமர்ந்திருப்பவர் காவலர் என்று அறிந்ததும், மழித்தலைப் பாதியில் நிறுத்திவிட்டாராம். சர்தார் வேதரத்தினம் பிள்ளை தொண்டர்க்குத் துணைநின்று சிறையேகினார். 30ஆந் தேதி அகத்தியான்பள்ளியில் உப்பள்ளிய இராஜாஜி கைதாகி, ஆறுமாதச் சிறைத்தண்டனை பெற்றார். அவ்விடத்தில் நினைவுத்தூண் உண்டு. உந்துவண்டியில் விரைவோர் அதனைக் காணாமலே கடந்துவிடுதல் எளிது.

உப்பு நிலம் முடிந்தபின் காடு தொடங்குகின்றது. கோடியக்காடு எனப்படும் இது என்றும் பசிய உலர்காட்டு வகையினது. மரங்கள் வானளாவ உயர்வதில்லை. கடற்காற்று அவற்றைத் தலைதடவிக் குனியச் செய்கின்றது. பாலை மரமே மிகுதி. வன்னிக் காட்டிற் பாலைப்பழம் உண்டு வளர்ந்தவர்க்கு இக்காடு அயல்நாடாகத் தோன்றாது. இடைவெளிப் புல்நிலங்களில் வெளிமான் கூட்டம் மேய்கின்றது. காட்டுக் குதிரைகளுந் திரிகின்றன. காட்டிலுள்ள ஒரு சிறுமேட்டில் இராமர் பாதம் என வணங்கப்படும் சுவடுகள் உள. இராமபிரான் அங்கு நின்று இலங்கைத் திசையை நோக்கினார் என்பது ஐதிகம்.

இக்காட்டுப் பகுதியிலேயே குழகர் கோயில் உள்ளது. சுந்தரர் பதிகத்தைத் தலபுகழ்ச்சி என்று எண்ணிப் படிக்கப் புகுவோர் வியப்படைவர். அது பெரும்பாலும் முறையீடே. கடற்காற்று வந்து மோதுங் கரையில், பக்கத்திற் குடிமக்கள் இருந்தாற் குற்றமாகுமோ, யார் துணையாக இங்கே இருக்கின்றீர் என்று அவர் இறைவனை வினாவுகின்றார். காடு மிகுந்தது, அம்மை அஞ்சுவள், மரப்பொந்துகளில் ஆந்தையுங் கூகையுங் குழறுகின்றன, வேடரோ மிகத் தீயவர் என்று அடுக்குகின்றார். சேக்கிழாரும் கோயிலின் அயலிற் குடியொன்றையுங் காணாமையால் நாயனார் கண்ணீர் ததும்பினர் என்பர். சேக்கிழார் பதிகத்தைத் தழுவியே கூறினார் எனினும், அவர் சோழ அரசில் அமைச்சராயிருந்தவர். தம் காலத்தில் அங்கே பேரூர் ஒன்று இருந்திருப்பின் அதனைக் குறியாது விட்டிருப்பாரோ என்பது எண்ணத்தக்கது.

ஆனால் 'வேடர் தீயவர்' என்பதை வரலாற்றாசிரியர் அப்படியே ஏற்றல் ஆகாது. அது வழிப்போக்கரின் அச்சம். அவ்வேடர் பாடிய பாட்டோ வெட்டிய கல்லோ எதுவும் எஞ்சவில்லை. 'குடியில்லை' என்று நாயனார் கூறிய அதே பதிகத்தில் வேடர் வருகின்றனர் என்பதையும் மறத்தலாகாது. குடி என அவர் கொண்டது, கோயிலைச் சூழ்ந்து வாழ்ந்து பூசனைக்கு உதவும் ஊரையே போலும்.

இன்னொன்றும் உண்டு. நாயனார் நிலவழியாக வந்தார். நிலவழி வருவோர்க்குக் கோடிக்கரை வழியின் முடிவு, அதற்கப்பால் எதுவுமில்லை. கடல்வழி வருவோர்க்கோ அதுவே தொடக்கம். கரை திரும்பும் முனையைக் கண்டு திசையறிய வேண்டிய மாலுமிக்கு இது எக்காலத்தும் இன்றியமையாத இடம். கரையருகே செங்கல்லாலும் சாந்தாலுங் கட்டிய பழைய கலங்கரை விளக்கமொன்றின் அடிப்பகுதி நெடுங்காலம் நின்றது. சோழர் காலத்தது என்று அதனை வழங்கினர். 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக வெளிவந்த கல்கியின் பொன்னியின் செல்வனைப் படித்தவர்க்கு, இக்காடும் விளக்கமும் ஈழத்துக்கு ஓடும் படகும் நேரிற் கண்டவை போலப் பழகியவை. ஆங்கிலேயரும் 1902இல் இம்முனையில் விளக்கம் அமைத்தனர். ஆகவே, ஊரில்லாத இடம் என்பதால் வரலாறில்லாத இடம் என்று கொள்ளுதல் தவறு. இங்கே மக்கள் தங்கியதினும் கடந்து சென்றதே அதிகம்.

கடந்து செல்வோரின் சுவடு எளிதில் அழியும். 2004 திசெம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை அப்பழைய செங்கல் விளக்கத்தைச் சிதைத்தது. எத்தனையோ புயலுக்கு ஈடுகொடுத்த கட்டடம் ஒரு காலைப்பொழுதில் வீழ்ந்தது. 2018 நவம்பரில் கசா புயல் இப்பகுதியிற் கரையேறியபோது, பாலை மரங்கள் பல வேரோடு சாய்ந்தன. மான்களும் குதிரைகளும் மாண்டன. காடு 1967இல் வனவிலங்குப் புகலிடமாக்கப்பட்டது. 2002இல் ராம்சர் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலமாகவும் இப்பகுதி ஏற்கப்பட்டது. புயலில் விழுந்த காடு மழை பெய்தால் மீண்டும் துளிர்க்கும், செங்கல் துளிர்ப்பதில்லை. விளக்கத்தின் எச்சம் முறையாக அளந்து பேணப்படாதொழியின், சுந்தரர் பதிகத்துக்கு எதிர்நின்று சாட்சி கூறக்கூடிய ஒரே பொருள் மணலோடு மணலாகும்.

இவ்வழியில் நடக்க விரும்புவோர் விடியுமுன் மறைக்காட்டிலிருந்து புறப்படுதல் நன்று; உப்பளங்களில் நிழல் கிடையாது. காட்டினுட் செல்ல வனத்துறையின் அனுமதி வேண்டும். மாரிக்காலத்திற் சென்றால் சதுப்பிற் பூநாரைகள் இறங்கியிருக்கக் காணலாம். குழகர் கோயிலில் சற்று அமர்ந்து பதிகத்தைப் படித்தபின் கரைக்குச் செல்வோர்க்கு, நாயனார் கூறிய கடற்காற்று இன்றும் முகத்தில் மோதும்.