மடை அடைத்தால் பயிர் வாடும்

உத்திரமேரூர் என்றாலே குடவோலைத் தேர்தலைத்தான் எல்லோரும் சொல்வார்கள். முதலாம் பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டுகளில் (கி.பி. 919, 921) ஏரி வாரியமும் இருக்கிறது நண்பர்களே! ஏரியைப் பார்த்துக்கொள்ளவே தனிக் குழு. எங்கள் மாமா அதே ஊரில் நீர்க்கட்டியாக இருந்தவர். "மடையில தண்ணி ஏறி நிக்குதுன்னா, கீழ எங்கயோ அடைச்சிருக்குடா" என்பார். விலங்கியல் படித்த எனக்கு அந்தப் பேச்சு பின்னால் உதவியது.

முதுகுத் தண்டிலிருந்து பாதத்துக்குப் போகும் நரம்பு செல்லின் ஆக்ஸான் சுமார் ஒரு மீட்டர் நீளம். அதற்கு வேண்டிய புரதங்கள் பெரும்பாலும் மேலே செல்லுடலில்தான் தயாராகின்றன. கடைமடைக்கு எப்படிப் போய்ச் சேருகின்றன? 1948-ல் பால் வைஸ், ஹெலன் ஹிஸ்கோ இருவரும் நரம்பை இறுக்கிப் பார்த்தார்கள். இறுக்கத்துக்கு மேலே புடைத்தது, கீழே மெலிந்தது. இறுக்கத்தை எடுத்ததும், தேங்கியது நாளுக்கு சுமார் ஒரு மி.மீ. வீதம் இறங்கியது. மாமா சொன்ன மடை அடைப்பேதான்!

ஆனால் அந்த வேகத்தில் பாதம் போய்ச் சேர மூன்று வருஷம் ஆகுமே? சில சரக்குகள் நாளுக்கு 400 மி.மீ. வரை ஓடுவதைப் பிற்பாடு கண்டார்கள். இரண்டரை நாளில் பாதம்! இழுத்துப் போவது யார்? 1985-ல் ரொனால்ட் வேல், தாமஸ் ரீஸ், மைக்கேல் ஷீட்ஸ் ஆகியோர் கணவாயின் பருத்த ஆக்ஸானிலிருந்து கைனேசின் என்ற மோட்டார் புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். நுண்குழல் என்னும் தண்டவாளத்தின் மேல் அது 8 நானோமீட்டர் அடி வைத்து நடக்கிறது. திரும்பி வரும் சரக்குக்கு டைனீன்.

நம் நாட்டிலும் இந்த வேலை நடக்கிறது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சந்தியா கௌஷிகா குழுவினர், கண்ணாடி போன்ற சிறு புழுவின் நரம்பில் சரக்கு ஓடுவதை உயிரோடு பார்க்கிறார்கள். ஆக்டின் செறிந்த இடங்களில் சரக்குகள் நெரிசலில் நிற்பதை 2018-ல் வெளியிட்டார்கள்.

இதெல்லாம் எனக்கு வெறும் பாடமாகத்தான் இருந்தது, மாமாவின் கால் தடுக்க ஆரம்பிக்கும் வரை. முதலில் செருப்பு நழுவியது. பிறகு வரப்பில் நடக்க முடியவில்லை. மோட்டார் நியூரான் நோய் என்றார்கள். கைனேசினின் ஒரு வகையான கே.ஐ.எஃப். 5ஏ-வின் மரபணுக் கோளாறு, கால்கள் விறைத்துச் சோரும் ஒரு பரம்பரை நோய்க்குக் காரணம் என்று 2002-லும், மோட்டார் நியூரான் நோயாளிகள் சிலரிடம் அதே மரபணு பழுதுபட்டிருப்பது 2018-லும் தெரிந்தது. அல்சைமர், பார்க்கின்சன் நோய்களிலும் இந்தப் போக்குவரத்து தடுமாறுகிறது.

படுக்கையில் மாமா கேட்டார்: "அடைச்சதால காஞ்சுதா, காஞ்சதால அடைச்சுதாடா?" பெரும்பாலான நோயாளிகள் விஷயத்தில் விஞ்ஞானிகள் இன்றும் விவாதிக்கும் கேள்வி அதுதான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு வருஷத்தில் போய்விட்டார்.

இன்று ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியைத் துடைத்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, அந்தப் பதிலை உங்களிடம் விட்டுப்போகிறேன்.